காணாமற்போன கோப்பும் கணினித் திருத்தமும்

எனது வகுப்புத் தோழியரின் வீடுகளில் நான் கண்ட கணினிகளுட் பல, ஒருவர் பாவித்துக் கைமாறியவை. மென்பொருள்களும் பென் டிரைவில் கைமாறியே வருகின்றன. அத்தகைய கணினிகளில் அடிக்கடி தோன்றும் அறிவிப்பு ஒன்று உண்டு: "எம்.எஸ்.வி.சி.பி.140.டி.எல்.எல். காணப்படவில்லை." இதைக் கண்டதும் கணினியே பழுதாகிவிட்டது என்று பெற்றோர் கடைக்குக் கொண்டு செல்கிறார்கள். அங்கே "போர்மட்" செய்துவிட்டால், பிரதி எடுத்து வைக்காத குடும்பப் படங்களும் பாடக் குறிப்புகளும் அழிந்துவிடும். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருப்பதில்லை.

டி.எல்.எல். என்பது பல மென்பொருள்கள் பொதுவாகப் பாவிக்கும் கோப்பு. வலீமாவுக்கான பெரிய கிடாரத்தை ஒவ்வொரு வீடும் வாங்கி வைப்பதில்லை; பொதுவில் உள்ளதை எடுத்துச் சமைக்கிறோம். அந்தக் கிடாரம் காணாமற்போனால் அரிசியும் இறைச்சியும் இருந்தும் சமையல் நின்றுவிடும். மென்பொருளும் அப்படித்தான் நின்றுவிடுகிறது.

நம் மொழியிலேயே இதற்கு உதாரணம் உண்டு. விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் தமிழ் யூனிகோட் எழுத்துகளை ஒழுங்குபடுத்தியது யு.எஸ்.பி.10.டி.எல்.எல். என்ற பொதுக் கோப்பு. "கொ" என்பதில் கொம்பை முன்னும் அரவைப் பின்னும் வைத்தது அதுவே. அரபு எழுத்துகளை இணைத்துக் காட்டியதும் அதுவே. எக்ஸ்பியில் மொழி அமைப்புப் பகுதியில் ஒரு பெட்டியைத் தெரிவுசெய்து, இதற்குரிய கோப்புகளை இறுவட்டிலிருந்து நிறுவ வேண்டியிருந்தது. நிறுவாவிட்டால் கொம்பு இடம்மாறித் தெரியும். தட்டச்சுச் செய்தவர் மீது அதில் குற்றமில்லை.

அறிவிப்பை நிதானமாக வாசிக்க வேண்டும். "காணப்படவில்லை" என்றால் கோப்பு அழிந்திருக்கலாம், வைரஸ் தடுப்பு மென்பொருள் அதை அகற்றியிருக்கலாம், அல்லது அது ஆரம்பத்திலேயே நிறுவப்படாதிருக்கலாம். "விண்டோஸில் இயங்க ஏற்றதல்ல அல்லது பிழை உள்ளது" என்றால் கோப்பு சிதைந்திருக்கலாம். நிறுவும்போது மின்சாரம் தடைப்பட்டாலும் இது நேரும். 32 பிட், 64 பிட் மாறியிருந்தாலும் இவ்வறிவிப்பு வரும்.

நான் பின்பற்றும் ஒழுங்கு இது:

1. கோப்பின் பெயரையும் மென்பொருளின் பெயரையும் எழுதிக்கொள்வேன்.

2. ஒரு மென்பொருள் மட்டும் இயங்காவிட்டால், அதை நீக்கி, அதைத் தயாரித்தவரிடமிருந்தே பெற்று மீண்டும் நிறுவுவேன்.

3. பெயரில் 140 என்ற எண்ணுடன் எம்.எஸ்.வி.சி.பி. அல்லது வி.சி.ரன்டைம் என்று இருந்தால், மைக்ரோசொப்ட் இலவசமாக வழங்கும் விசுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பை அதன் தளத்திலிருந்தே நிறுவுவேன்.

4. விண்டோஸின் சொந்தக் கோப்பாயின், நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எஸ்.எப்.சி. என்ற கருவியை "ஸ்கேன்நவ்" கட்டளையுடன் இயக்குவேன். அது சிதைந்த கோப்புகளைத் தேடித் திருத்தும்.

தனிக் கோப்பை மட்டும் வழங்கும் அறியாத தளங்களிலிருந்து அதை எடுப்பது ஆபத்து. அதில் வைரஸ் இருக்கலாம். பதிப்பும் பொருந்தாமல் போகலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: கடைக்குக் கொண்டு செல்வதாயின், முதலில் பிள்ளையின் கோப்புகளைப் பிரதி எடுங்கள். அறிவிப்பில் உள்ள பெயரை எழுதிக் கொடுத்து, "போர்மட் செய்யாமல் திருத்த முடியுமா?" என்று கேளுங்கள்.