பிராக் நகரில் எதை நின்று பார்ப்பது

அன்புள்ள மீனாவுக்கு,

செக் குடியரசின் தலைநகரான பிராக், வல்டாவா ஆற்றின் இரு கரையிலும் அமைந்த ஊர். மேற்கே குன்றின் மேல் கோட்டை, கிழக்கே பழைய நகரம். முதன்முறை போகிறவர்கள் கோட்டையில் தொடங்கிக் கீழே இறங்கி வருவதே நல்லது. 22ஆம் எண் டிராம் மேலே கொண்டுபோய் விடும். ஏறியதும் காகிதச் சீட்டை மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத சீட்டுக்கு அபராதம் உண்டு.

கோட்டையில் முதன்மையானது புனித விட்டஸ் பேராலயம். 1344-இல் தொடங்கிய பணி 1929-இல்தான் முடிந்தது. அதனால்தான் இடைக்காலக் கோயிலுக்குள் நவீன ஓவியர் அல்ஃபோன்ஸ் மூகாவின் வண்ணக் கண்ணாடிச் சன்னலும் இருக்கிறது. எழுத்தாளர் காஃப்கா எழுதப் பயன்படுத்திய சிறு வீடுள்ள பொன் சந்து எப்போதும் நெரிசல். ஒரு நடை போதும்.

1357-இல் அடிக்கல் இடப்பட்ட சார்லஸ் பாலத்தை விடியற்காலையில் கடக்க வேண்டும். பிறகு கூட்டத்தில் சிலைகள் கண்ணில் படா. 1393-இல் ஆற்றில் எறியப்பட்ட புனிதர் நெப்போமுக் யோவானின் சிலைக்குக் கீழே உள்ள உலோகப் பலகை, கைபட்ட இடத்தில் மட்டும் பொன்னாய் மின்னும்.

பழைய நகர மண்டபத்தின் வானியல் கடிகாரம் 1410-இல் செய்யப்பட்டது. மணிக்கொரு முறை இயேசுவின் சீடர் பொம்மைகள் வலம்வருவதைப் பார்த்துவிட்டுக் கூட்டம் கலைந்துவிடும். அதன் பிறகு நின்று முகப்பைப் பார்ப்பவருக்கே பலன். வெளி வளையம் சூரியன் மறைவதிலிருந்து 24 மணியை எண்ணுகிறது. நம் நாழிகைக் கணக்கு உதயத்தில் தொடங்கும்; அங்கே அஸ்தமனத்தில். அஸ்தமனம் நாளுக்கு நாள் மாறுவதால் வளையமும் சேர்ந்து நகர்கிறது.

பழைய யூதர் குடியிருப்பான யோசெஃபோவுக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். சனிக்கிழமை அங்குள்ள அருங்காட்சியக இடங்கள் திறக்கா. பழைய இடுகாட்டை விரிக்க இடமில்லை, கல்லறைகளைக் கலைக்க சமயமும் இடந்தரவில்லை. ஆகவே மண் கொட்டி, அடுக்கின் மேல் அடுக்காகப் புதைத்தார்கள். ஏறத்தாழ 12,000 கற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. பக்கத்தில் பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட செக் யூதர் ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டுள்ளன. பிராகில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால், அது இந்தச் சுவர்தான்.

வென்செஸ்லாஸ் சதுக்கம் 1968-இல் சோவியத் டாங்கிகளையும், மறு ஆண்டு ஜனவரியில் தீக்குளித்த மாணவர் யான் பாலாக்கையும், 1989-இல் ஆட்சியை மாற்றிய மக்கள் திரளையும் கண்ட இடம். 1968 சோவியத் படையெடுப்புக்குப் பின் நாட்டை விட்டுப் போனவர்களில், பிராகில் பிறந்த தமிழறிஞர் கமில் சுவெலபிலும் ஒருவர்.

ஊரின் நாணயம் கொருனா. தெருவில் வலிய வந்து மாற்றித் தருவதாகச் சொல்பவரிடம் கொடுக்காமல், வங்கி ஏடிஎம்மில் எடுப்பதே பத்திரம்.

அன்புடன்,
மாமா