கூச்சத்தை விட்டுப் படியுங்கள்: கோடிங் வேலையில் ஆண் இனப்பெருக்க மண்டலம்

மெடிக்கல் கோடிங் பயிற்சி வகுப்பில் இதயம், எலும்பு, செரிமானம் என்று எல்லாப் பாடமும் கலகலப்பாக நடக்கும். ஆண் இனப்பெருக்க மண்டலம் வந்ததும் அறை அமைதியாகிவிடும். பயிற்றுநர் ஸ்லைடை வேகமாகத் தள்ளுவார், பிள்ளைகள் நோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒருவரும் சந்தேகம் கேட்கமாட்டார்கள். பள்ளியில் "நீங்களே படிச்சுக்குங்க" என்று தாண்டிய பாடம் இங்கேயும் அப்படியே தாண்டப்படும். வேலையில் சேர்ந்து யூராலஜி சார்ட் கைக்கு வந்ததும், அதன் பலன் ஆடிட்டில் தெரிந்துவிடும்.

சென்னை, கோவை, திருச்சியில் லைஃப் சயன்ஸ், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்த ஏராளமானோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, சோறு போடும் தொழில் இது. அமெரிக்க மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10-சிஎம் கோடும் சிகிச்சைக்கு சிபிடி கோடும் போட்டு, இன்சூரன்ஸ் க்ளெய்முக்கு அனுப்ப வேண்டும். பல நிறுவனங்கள் 95 சதவீதத் துல்லியம் எதிர்பார்க்கின்றன. வாயால் சொல்லக் கூசும் உறுப்புக்குக் கை சரியான கோடு போடாது. கூச்சப்படுவது உங்கள் குற்றமல்ல, உங்களை அப்படி வளர்த்திருக்கிறோம். ஆனால் அதை மாற்றிக்கொள்ளும் வேலை உங்களுடையது.

முதலில் விந்தணு போகும் வழியை மனதில் பதியுங்கள். டெஸ்டிஸ் எனும் விந்தகத்தில் உருவாகி, அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸில் முதிர்கிறது. சுருட்டி மடக்கிய அந்த மெல்லிய குழாயை நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். அங்கிருந்து வாஸ் டெஃபரன்ஸ் எனும் விந்துநாளம் வயிற்றுக்குள் ஏறும். செமினல் வெசிக்கிள் சுரக்கும் திரவம் அதோடு சேரும். பிறகு புராஸ்டேட்டைத் துளைத்துக்கொண்டு யூரித்ராவில் போய்ச் சேரும். சிபிடி புத்தகத்தில் 54000 முதல் 55899 வரையான பகுதி இந்த உறுப்புகளின் பெயரில்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. வழி தெரிந்தவர் பக்கத்தைத் தேடி அலையமாட்டார்.

அடுத்து, வேர்ச்சொற்கள். 'ஆர்க்கி' அல்லது 'ஆர்க்கிட்' என்று வந்தால் விந்தகம். அதோடு 'எக்டமி' சேர்ந்தால் அகற்றுவது, 'பெக்ஸி' சேர்ந்தால் இடத்தில் நிறுத்தித் தைப்பது, 'ஐடிஸ்' சேர்ந்தால் அழற்சி. 'பெலனோ' என்றால் ஆண்குறியின் மொட்டு. 'சீல்' என்று முடிந்தால் வீக்கம்: ஹைட்ரோசீலில் நீர், வேரிகோசீலில் புடைத்த சிரைகள். 'கிரிப்ட்' என்றால் மறைந்தது, எனவே கிரிப்டார்க்கிடிசம் என்பது ஸ்க்ரோட்டம் எனும் விதைப்பைக்குள் இறங்காத விந்தகம். இந்த ஏழெட்டுத் துண்டுகள் கையில் இருந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

இவற்றிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. வாசெக்டமியில் 'வாஸ்' என்பது விந்துநாளம், வாசோடைலேஷனில் அதுவே ரத்தக்குழாய். யூரிட்டர் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வருவது, யூரித்ரா சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே போவது. புதியவர்களை அதிகம் திடுக்கிட வைப்பது 'இன்ட்ராவஜைனல் டார்ஷன்'. ஆண் நோயாளியின் சார்ட்டில் இதைப் பார்த்ததும் ஃபைல் மாறிவிட்டது என்று டீம் லீடிடம் ஓடிவருவார்கள். விந்தகத்தைச் சுற்றியுள்ள உறையின் பெயர் டூனிக்கா வஜைனலிஸ். அந்த உறைக்குள்ளேயே ஸ்பெர்மாட்டிக் கார்ட் எனும் விந்துவடம் முறுக்கிக்கொள்வதுதான் அந்த நோய், கோடு என்44.02.

இதே முறுக்கு நோயின் ஆபரேஷன் நோட் ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் படிப்போம். வலது பக்கம் திடீர் வலியோடு ஒரு சிறுவன் எமர்ஜென்சிக்கு வருகிறான். ரத்த ஓட்டம் நின்றிருப்பதால், சுமார் 6 மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால்தான் விந்தகம் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மருத்துவர் திறந்து, அவிழ்த்து, நிறம் திரும்புவதைப் பார்த்துவிட்டுத் தைத்து நிறுத்துகிறார். பிறகு இடது பக்கத்தையும் திறந்து அதையும் தைக்கிறார். விந்தகம் ஆடுவதற்கு இடம்கொடுக்கும் பிறவி அமைப்பு பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. இங்கேதான் கோடர் கை துறுதுறுக்கும்: வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஆர்க்கியோபெக்ஸி என்று இன்னொன்று. கூடாது. முறுக்கை அவிழ்ப்பதற்கான 54600 கோடின் விளக்கத்திலேயே எதிர்ப்பக்கத்தைத் தைப்பதும் அடங்கியிருக்கிறது. தனியாகப் போட்டால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கேட்டதாகிவிடும்.

விந்தகத்தை அகற்றும் சர்ஜரியிலும் இப்படியொரு கண்ணி உண்டு. 'கவட்டை வழியாகத் திறந்தார் என்றால் ராடிக்கல்' என்று குறுக்குவழி சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பாதீர்கள். சாதாரண ஆர்க்கியெக்டமிக்கான 54520 கோடிலும் விதைப்பை வழி, கவட்டை வழி இரண்டும் உண்டு. 54530 கட்டிக்காகச் செய்யும் ராடிக்கல் சர்ஜரிக்கு உரியது. விந்தகத்தின் நிணநீர் வயிற்றின் உள்ளே உள்ள முடிச்சுகளுக்கும், விதைப்பைத் தோலின் நிணநீர் கவட்டை முடிச்சுகளுக்கும் போகிறது. பையைக் கீறினால் புற்றணு புதுப் பாதையில் பரவக்கூடும். அதனால்தான் கட்டி என்றால் மேலே கவட்டையில் திறந்து, விந்துவடத்தை உயரத்தில் கட்டி அறுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்கிறார்கள். நோட்டில் கட்டி, விந்துவடம், கவட்டை மூன்றையும் தேடுங்கள்.

நோயின் கோடுக்கு வந்தால், 'புற்றுநோயாக இருக்கலாம்' என்று எழுதியிருப்பதை வைத்து அவுட்பேஷன்ட் சார்ட்டில் விந்தகப் புற்றுக்கான சி62 போடக் கூடாது. பேத்தாலஜி ரிப்போர்ட் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாத நோயை ஒருவர் பதிவில் ஏற்றினால் அது அவரை ஆண்டுக்கணக்கில் துரத்தும்.

புத்தகத்தில் இடம் மாறி உட்கார்ந்திருக்கும் சிலவற்றைத் தனியாகக் குறித்துவையுங்கள். ஆண் உறுப்பு நோய்கள் என்40 முதல் என்53 வரை. ஆனால் வேரிகோசீல் சிரை நோய் என்பதால் ரத்த ஓட்ட அத்தியாயத்தில், ஐ86.1-இல் இருக்கிறது. இறங்காத விந்தகம் பிறவிக் குறை என்பதால் கியூ53. புராஸ்டேட் புற்று சி61. வயதானவர்களுக்கு வரும் புராஸ்டேட் வீக்கத்தில், சிறுநீர்த் தொந்தரவு இருந்தால் என்40.1, இல்லாவிட்டால் என்40.0. அதற்குச் செய்யும் டியுஆர்பி சர்ஜரியின் கோடு 52601, அதுவோ சிறுநீர் மண்டலப் பகுதியில்! வாசெக்டமிக்கான 55250 ஒரு பக்கமானாலும் இரு பக்கமானாலும் ஒன்றே, மாடிஃபையர் 50 வேண்டாம். பிறகு செய்யும் விந்துப் பரிசோதனையும் அதிலேயே அடக்கம். கத்தியால் செய்யும் சுன்னத்துக்கு குழந்தை பிறந்து 28 நாள் வரை 54160, அதன்பின் 54161.

கோடர்களுக்கு ஏஏபிசி நடத்தும் சிபிசி சான்றிதழ்த் தேர்வில் 100 கேள்வி, 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். கோடு புத்தகம் கையில் இருக்கும், ஆனால் தேட நேரம் இருக்காது. எனவே தினமும் இரண்டு யூராலஜி நோட்டாவது படியுங்கள். சத்தமாகப் படியுங்கள், முடிந்தால் இன்னொருவரோடு. முதல் வாரம் சிரிப்பு வரும், பிறகு ஸ்க்ரோட்டமும் ஸ்டெர்னமும் ஒன்றாகிவிடும். இன்டர்வியூவில் "ஹைட்ரோசீலுக்கும் வேரிகோசீலுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டால், நேராகப் பார்த்து உறுப்பின் பெயரைச் சொல்லி விளக்குங்கள். 'அந்த இடம்' என்று இழுக்காதீர்கள். பயிற்றுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆண்களையும் பெண்களையும் பிரித்து உட்காரவைத்து இந்தப் பாடத்தை எடுக்காதீர்கள். நாளை அவர்கள் ஒரே ஃப்ளோரில் ஒரே சார்ட்டைத்தான் பேசித் தீர்க்கப்போகிறார்கள்.

சப்மிட் பட்டனை அழுத்துமுன் பக்கத்தைப் பாருங்கள். சி62.11 வலது, சி62.12 இடது. நோட்டின் தலைப்பில் வலது என்றும் உள்ளே இடது என்றும் இருந்தால் அல்ட்ராசவுண்ட், பேத்தாலஜி ரிப்போர்ட்டுகளைத் திறந்து பாருங்கள். அப்போதும் தெளியாவிட்டால் சார்ட்டை நிறுத்திவைத்து மருத்துவருக்கு க்வெரி அனுப்புங்கள்.