ஓர் ஆற்று வெள்ளத்தை வேறோர் ஆற்றில் விடுதல்

ஓர் ஆற்றிற்கு மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பு அதன் வடிநிலம் எனப்படும். ஒரு வடிநிலத்து ஜலத்தை இடையிலுள்ள மேட்டைக் கடத்தி மற்றொன்றில் விடுவதே நதி இணைப்பாகும்.

இதற்குச் சிறந்த உதாரணம் பெரியாறு. மேற்கே ஓடி அரபிக் கடலில் விழும் அவ்வாற்றைப் பென்னிகுக் துரை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அணையால் தேக்கி, ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பினார். 1895 அக்டோபரில் அந்த ஜலம் வைகைக்குத் திறந்துவிடப்பட்டு, மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலங்கள் நன்செயாயின. திருவிதாங்கூர் சமஸ்தானத்தாருடன் 1886-இல் செய்த குத்தகை ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் 999 வருஷங்களுக்கானது. இவ்வளவு நீண்ட சாசனம் எழுதியும் வழக்கு ஓயவில்லை. 142 அடி வரை தேக்கலாமென்று 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளிக்க நேர்ந்தது.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்பிற்கு 2021 பிப்ரவரியில் அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டது. கரூருக்கு அருகில் மாயனூர்க் கட்டளைக் கதவணையிலிருந்து வெள்ள உபரியைத் தெற்கே புதுக்கோட்டை, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கங்களுக்குக் கொண்டுசெல்வது நோக்கம். மாயனூர் கல்லணைக்கு மேற்கே உள்ளது. ஆகவே, அங்கு எடுக்கப்படும் ஜலம் மயிலாடுதுறைக் கடைமடைக்கு வரவேண்டியதா, வரமுடியாததா என்பதே கேள்வி.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே நாட்களில் கடைமடை வாய்க்கால்கள் பலவற்றில் ஜலம் ஏறவில்லை. இது முரண்போலத் தோன்றும். கல்லணைக்குக் கீழ் காவிரியும் வெண்ணாறும் தாங்கும் அளவிற்கு ஓர் எல்லையுண்டு. மிஞ்சியது தாழ்ந்த கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குச் செல்லும். அம்மிச்சத்தைத் தெற்கே கொண்டுபோவதால் குறுவைக்கோ சம்பாவிற்கோ குறைவில்லை. சாதாரண நாட்களின் ஓட்டத்தில் கைவைத்தாலோ, முதலில் காய்வது கடைமடையே.

வெள்ளம் சில நாட்களே ஓடும். அதற்குள் ஜலத்தை வாரிக்கொள்ளப் பெரிய கால்வாயும், நிரப்பிவைக்கத் தூர் எடுத்த ஏரிகளும் வேண்டும். அன்றி, கடலிற் சேர்வதெல்லாம் வீண் என்பதும் பிழை. அவ்வோட்டம் குன்றினால் தரங்கம்பாடி, சீர்காழிப் பக்கங்களில் கிணற்று நீரில் உப்பேறும்.

மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் தாமதித்துத் திறந்தாலும், தத்தம் வாய்க்காலின் தலைப்பிலும் கடைசி மடையிலும் ஜலம் வந்த தேதியையும் நின்ற தேதியையும் சங்கத்தார் புத்தகத்திற் பதிந்துவருதல் நலம். உபரி எதுவென்று கணக்கிடும் அதிகாரிகளிடம் மேட்டூர், கல்லணை அளவுகள் இருக்கும். கடைசி மடையின் கணக்கு கிராமத்தாரிடந்தான் உண்டு.