வீட்டுக்கோழிக்கு விலை சொல்வது யார்?

கிராமத்தில் கோழி விற்பது பெரும்பாலும் அவசரத்தில்தான். பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டும், கேஸ் சிலிண்டர் தீர்ந்திருக்கும், அந்த நேரம் பார்த்து வியாபாரியின் வண்டி தெருவில் வரும். அவர் ஒரு விலை சொல்வார், நாம் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்போம், நடுவில் எங்கோ பேரம் முடியும். வளர்த்த செலவு அந்தப் பேச்சில் வருவதே இல்லை. அதற்குக் காரணமான சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: வீட்டுக்கோழி தானே மேய்ந்து வளர்கிறது. விற்றால் வருவதெல்லாம் லாபம்.

உண்மை: அடைக்கு வைக்கும் முட்டையிலேயே செலவு தொடங்கிவிடுகிறது. ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். தொகைகளை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 12 முட்டை வைத்து 10 பொரிக்கிறது. பருந்து, கீரி, நாய், நோய் எல்லாம் போக விற்பனைக்கு நிற்பவை 6. முட்டையை ஒன்று ₹15-க்கு விற்றிருக்கலாம் என்றால் ₹180 போயிற்று. அது ஒவ்வொரு கோழியின் தலையிலும் ₹30. மேய்ச்சலுக்கு மேல் நாளொன்றுக்குச் சராசரியாக 40 கிராம் நொய்யும் கம்பும் போட்டால் ஐந்து மாதத்தில் 6 கிலோ. கிலோ ₹30 வீதம் ₹180. தாய்க்கோழியின் தீனியில் பங்கு ₹30, இடையில் செத்த குஞ்சுகள் தின்றதில் பங்கு ₹20, தடுப்பு மருந்துக்கும் குடற்புழு மருந்துக்கும் ₹10. ஆக ₹270.

இதில் உங்கள் உழைப்பு இன்னும் சேரவில்லை. 30 கோழிகளைப் பார்த்துக்கொள்ளத் தினமும் அரை மணி நேரம், மணிக்கு ₹50 கூலி என்றால் கோழிக்கு ₹125. மொத்தம் ₹395. கோழி 1.2 கிலோ நின்றால் உயிர் எடையில் கிலோ ஏறக்குறைய ₹330 அடக்கம். அதற்குக் கீழே கொடுத்தால் கூலியில் குறைகிறது. கூலி சேராத ₹270-ன்படி பார்த்தால் கிலோ ₹225. அதற்கும் கீழே போனால் முதலே திரும்பவில்லை.

நம்பிக்கை: பல்லடத்தில் அறிவிக்கும் கோழி விலையை இரண்டால் பெருக்கினால் நாட்டுக்கோழி விலை வந்துவிடும்.

உண்மை: பல்லடத்தில் அறிவிப்பது கறிக்கோழிக்கான பண்ணைக் கொள்முதல் விலை. கறிக்கோழி ஏறக்குறைய 40 நாளில் 2 கிலோ எடைக்கு வந்துவிடும். ஒரு கிலோ எடை கூட 2 கிலோவுக்கும் குறைவான தீவனம் போதும். நம் கணக்கிலோ, மேய்ந்தது போகவே கிலோவுக்கு 5 கிலோ தானியம் போயிருக்கிறது. பண்ணைகளில் கோழி தேங்கினால் பல்லடத்து விலை சரியும். அதனால் நீங்கள் வாங்கிய நொய்யின் விலை குறைந்துவிடுமா?

நம்பிக்கை: கையில் தூக்கிப் பார்த்தாலே எடை தெரிந்துவிடும்.

உண்மை: தினம் நூறு கோழி தூக்குகிற வியாபாரிக்குத் தெரியும், மாதம் இரண்டு விற்கிற உங்களுக்குத் தெரியாது. குத்துமதிப்பில் 200 கிராம் தவறினால் கிலோ ₹400 விலையில் ₹80 போகும். ஒரு தொங்கு தராசு வாங்கி வையுங்கள். விற்பவருக்கும் ஒரு நியாயம் உண்டு. தானியத்தையும் தண்ணீரையும் திணித்துத் தீனிப்பை நிறைந்த கோழியை நிறுத்தால், வாங்குபவர் கறி விலை கொடுத்துக் கம்பு வாங்குகிறார். காலையில் தீனி போடுமுன் நிறுப்பதே இருவருக்கும் நல்லது.

நம்பிக்கை: உயிர்க்கோழி கிலோ ₹400 என்றால், உரித்து ₹450-க்குக் கொடுத்தால் கூடுதல் லாபம்.

உண்மை: இறகு, தலை, குடல் எல்லாம் போனால் நாட்டுக்கோழியில் கறியாக நிற்பது ஏறக்குறைய 65 சதவீதம். 1.2 கிலோ கோழியில் 780 கிராம். உயிரோடு விற்றிருந்தால் ₹480 வந்திருக்கும். உரித்து விற்றதில் ₹351 மட்டுமே. உயிர் எடை ₹400-க்கு ஈடான கறி விலை கிலோ ₹615. சுத்தம் செய்யும் கூலி அதற்கும் மேல்.

நம்பிக்கை: நிறம் நிறமாக இருந்தால் எல்லாம் நாட்டுக்கோழிதான், ஒரே விலை.

உண்மை: வனராஜா, கிரிராஜா போன்றவை ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய ரகங்கள். நல்ல கோழிகள்தான். ஆனால் நாட்டு ரகங்களான சிறுவிடை, பெருவிடையைவிட வேகமாக எடை கூடுபவை. ஆகவே கிலோவுக்கு அடக்கவிலை குறைவு. அவற்றைச் சிறுவிடை என்று சொல்லி விற்றால், வாங்கியவர் குழம்பை ருசி பார்த்ததோடு மறுபடி வரமாட்டார். ரகத்தின் பெயரைச் சொல்லி அதற்குரிய விலையைக் கேளுங்கள்.

நம்பிக்கை: பெட்டையோ சேவலோ, எடைக்கு விலை ஒன்றுதான்.

உண்மை: கறிக்குப் போகும் கோழிக்கு அது சரி. நாட்டுப்பெட்டை ஆண்டுக்கு மூன்று நான்கு முறை முட்டைக்கு வரும். ஒவ்வொரு முறையும் 12 முதல் 15 முட்டை வரை இடும். நன்றாக அடைகாத்துக் குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காக்கிற தாய்க்கோழியைக் கறி விலைக்குக் கொடுத்தால், அடுத்த அடையின் குஞ்சுகளையும் சேர்த்துக் கொடுத்ததாகும். பணத் தேவை வந்தால் முதலில் போக வேண்டியவை மிகுதியான சேவல்கள்.

நம்பிக்கை: புரட்டாசியில் யாரும் கறி வாங்கமாட்டார்கள், கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

உண்மை: வளர்ந்த கோழிக்கு நாளுக்கு 80 கிராம் போட்டாலும் ஒரு மாதத் தீனி ₹72. ஐப்பசியில் தீபாவளிக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் நிறுத்தி வைப்பதே லாபம், இல்லையென்றால் விற்றுவிடலாம். அதைவிட நல்ல வழி, அடைவைக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுப்பது. பொரிக்க 21 நாள், வளர ஐந்து மாதம். தை முதல் வாரத்தில் அடைவைத்தால் ஆடி அம்மன் கோயில் கொடைக்குக் கோழி தயார். ஆடி முதல் வாரத்தில் வைத்தவை பொங்கலுக்கு மறுநாள் கறிக்கு வந்து நிற்கும்.

நம்பிக்கை: கழிச்சல் தொடங்கிவிட்டால், சாகுமுன் பாதி விலைக்காவது விற்றுவிட வேண்டும்.

உண்மை: நோய்க்கோழிக்கு நியாய விலை என்று ஒன்று கிடையாது. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. சந்தைக்குப் போகும் ஒரு கோழி ஊர் ஊராக நோயைக் கொண்டுபோகும். தடுப்பூசிதான் வழி, கால்நடை மருந்தகத்தில் கேட்டு முன்கூட்டியே போட்டுவிடுங்கள். அந்தச் சில ரூபாய்தான் மேலே போட்ட கணக்கில் மிகச் சிறிய செலவு.

இன்று இரவே உங்கள் கோழிகளின் அடக்கவிலையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வியாபாரி வந்தால் அந்தத் தொகைக்குக் கீழே பேரம் பேசாதீர்கள். கோழியில் இல்லாத எடைக்கும் ரகத்துக்கும் விலை கேட்காதீர்கள்.