புரிஞ்ச மாதிரி இருக்கு... ஆனா புரிஞ்சுதா?

இந்த வார எபிசோடோடு சேர்த்துப் படிக்க ஒரு சின்னப் பாடம்.

நல்லாப் பேசுற ப்ரொஃபசரின் லெக்சர் முடிஞ்சு வெளியே வரும்போது எல்லாமே தெளிவா இருக்கும். குழுவா உட்கார வச்சு, "நீங்களே கணக்கைப் போட்டுப் பாருங்க"ன்னு சொல்ற வகுப்பு முடிஞ்சா தலை சுத்தும். சரி, எந்த வகுப்பில் அதிகம் கத்துக்கிட்டீங்க?

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் லூயி டெலோரியே குழுவினர் இதைச் சோதித்து, 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடிப்படை இயற்பியல் மாணவர்களை ரேண்டமாக இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு லெக்சர். இன்னொரு பிரிவு முதலில் தானே கணக்கோடு மல்லுக்கட்டும், அப்புறம்தான் ஆசிரியர் விடையை விளக்குவார். இரண்டு பேருக்கும் கையில் கொடுத்த குறிப்புகள் ஒன்றேதான். அடுத்த பாடத்தில் பிரிவுகளை மாற்றிப் போட்டார்கள்.

டெஸ்ட்டில் அதிகம் வாங்கியது தானே முயன்ற பிரிவு. ஆனால் "நிறையக் கத்துக்கிட்டேன்" என்று சொன்னது லெக்சர் கேட்ட பிரிவு!

ஏன் இப்படி? சரளமான விளக்கத்தைக் கேட்கும்போது, அந்தச் சரளம் நம்முடையது என்று மூளை நினைத்துக்கொள்கிறது. நாமே முயலும்போது தெரியாதது எல்லாம் வெளியே வருகிறது. அந்தக் கஷ்டத்தை "படிக்கலை" என்று தப்பாகக் கணக்குப் போடுகிறோம்.

இது ஒரே ஒரு வகுப்பின் கதையும் இல்லை. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014 தொகுப்பாய்வில், லெக்சர் மட்டும் கேட்ட வகுப்புகளில் சுமார் 34% பேர் ஃபெயில். செயல்வழிக் கற்றல் வகுப்புகளில் சுமார் 22%.

கோடிங்குக்கும் இது அப்படியே பொருந்தும். யூட்யூப் ட்யூட்டோரியல் பார்க்கும்போது ரிகர்ஷன் ரொம்ப ஈசி. வீடியோவை மூடிட்டு வெற்று எடிட்டரைத் திறந்தால்தான் உண்மை தெரியும். அதனால், கோடை ரன் பண்ணும் முன் வீடியோவை நிறுத்தி, அவுட்புட் என்னவென்று எழுதி வையுங்க. முடிஞ்சதும் பார்க்காமல் முழுசையும் திரும்ப எழுதுங்க. சிக்கினால் உடனே ஏஐ-யிடம் ஓடாதீங்க, பத்து நிமிஷம் மோதிப் பாருங்க. அப்புறம் விடையைக் கட்டாயம் சரிபாருங்க. விளக்கம் கிடைக்காத போராட்டம் வெறும் அலைச்சல்தான்.

செமஸ்டர் முடிவில் ஃபீட்பேக் ஃபார்ம் வரும். "இந்த வகுப்பில் ஒண்ணும் கத்துக்கலை" என்று டிக் பண்ணும் முன், போன மாதம் போட முடியாத ஒரு கணக்கை எடுத்துப் போட்டுப் பாருங்க.