பாடம்: வீடு திரும்பும் பிள்ளை



எடப்பாடியில் தறி ஓட்டும் நமக்குத் தெரியும்: இழை அறுந்தால் பாவையே தூக்கி எறிய மாட்டோம், முடிச்சுப் போட்டு ஓட்டுவோம். தப்பு செய்து, சேலம் கூர்நோக்கு இல்லத்திலோ செங்கல்பட்டு சிறப்பு இல்லத்திலோ இருந்து வரும் பையனும் அப்படித்தான்.

அவன் மட்டும் திருந்தினால் போதுமா? திரும்புவது அதே வீட்டுக்குத்தானே! அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உருவான ஒரு முறைப்படி, விடுதலைக்கு இரண்டு மாதம் முன்பே ஆலோசகர் குடும்பத்தோடு பேசத் தொடங்குவார். பையன் வந்த பிறகும் சில மாதம் வீடு தேடி வருவார்.

நாம் செய்யக்கூடியவை:

1. இல்லத்தில் இருக்கும்போதே போய்ப் பாருங்கள். நன்னடத்தை அலுவலரிடம் பேசுங்கள்.

2. வந்ததும் பழசைக் கிளறாதீங்க. வீடு திரும்பும் நேரம், கைச்செலவு, சேர்க்கை பற்றி அப்பாவும் அம்மாவும் ஒரே பேச்சாகச் சொல்லுங்கள்.

3. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு, அவன் அடையாளத்தை வெளியிடத் தடை செய்கிறது. ஊர் முழுக்கப் பேசாதீங்க.

4. உதவிக்கு 1098, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

அந்தத் தாய் வெட்கப்பட்டுக் கூட்டத்துக்கு வராமல் நின்றுவிடுவாள். கடன் தவணைக்கு மட்டுமா அவள் வீட்டுக்குப் போவோம்?

குழுவில் பேசுங்கள்: முதலில் யார் போய்க் கூப்பிடுவது?