ஐந்து வயது வாயில் வில்லன் வசனம்: பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

“பென்சிலைக் குடுத்துடு, இல்லேன்னா போட்டுத் தள்ளிடுவேன்.”

யு.கே.ஜி. வகுப்பில் இப்படி ஒரு குரல் கேட்டால் பெரும்பாலான பள்ளிகளில் என்ன நடக்கிறது? பக்கத்தில் நிற்கும் ஆயாம்மா சிரித்துவிடுவார். மிஸ்ஸும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “எங்கே, இன்னொரு தடவை சொல்லு” என்று கேட்டு, அதை ஸ்டாஃப் ரூமில் போய்ச் சொல்வார். இல்லையென்றால் டைரியில் சிவப்பு மையில் எழுதி, மறுநாள் அப்பாவை அழைத்துவரச் சொல்வார். சிரித்தால் வசனத்துக்குக் கைதட்டல் கிடைத்த மாதிரி. சிவப்பு மையைப் பார்த்தால், பெரியவர்களையே கலங்கடிக்கும் சக்தி அதற்கு உண்டு என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். எப்படியானாலும், எதற்காக அதைச் சொன்னான் என்று யாரும் கேட்பதில்லை. கீழே உள்ள படிகள் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகின்றன. மூன்று முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு இவை பொருந்தும். அதற்கு மேல் கணக்கு வேறு.

1. முதல் நிமிடம்

சிரிக்கவும் வேண்டாம், திடுக்கிடவும் வேண்டாம். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, குரலை உயர்த்தாமல் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: “அப்படிச் சொன்னா அவனுக்குப் பயமா இருக்கும் கண்ணா. பென்சில் வேணும்னா, ‘எனக்கு வேணும், தா’ன்னு கேளு.” அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். “எங்கே கத்துக்கிட்டே இதை?” என்று வகுப்பு நடுவே விசாரணை வைத்தால் மற்ற நாற்பது பிள்ளைகளும் அந்த வசனத்தை மனப்பாடம் செய்துவிடும்.

பிறகு, அதைக் கேட்ட பிள்ளையிடம் போங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். சொன்னவனைச் சுற்றியே எல்லாம் நடக்கும். சொல்லப்பட்டவன் ஓரமாக நின்றுகொண்டிருப்பான். “உனக்கு ஒண்ணும் ஆகாது, மிஸ் இங்கதான் இருக்கேன்” என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். அன்று மாலை அவன் வீட்டில் சொல்லப்போகும் கதையே மாறிவிடும்.

2. மதியத்துக்குள் நான்கு வரி

“தகாத வார்த்தை பேசினான்” என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். யாரிடம் சொன்னான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, சொல்லும்போது முகம் எப்படி இருந்தது, சொன்ன பின் என்ன செய்தான் என்பதும் வேண்டும். ஒரே பிள்ளையைப் பற்றி இப்படி மூன்று குறிப்பு சேர்ந்தால், நேரில் பார்த்தபோது கண்ணில் படாத ஒன்று தெரியவரும்: எப்போதும் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பாகவோ, எப்போதும் ஒரே பெஞ்சிலோ, எப்போதும் திங்கட்கிழமையோ நடந்திருக்கும்.

3. எந்த வகை என்று பிரியுங்கள்

நேரம் ஒதுக்க வேண்டிய படி இதுதான்.

பெரும்பாலும் அது விளையாட்டு. “சுட்டுட்டேன், நீ செத்துட்டே, கீழ விழு” என்று சொல்பவனும் விழுபவனும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். செத்தால் திரும்பி வர முடியாது என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் மெல்ல மெல்லத்தான் புரிகிறது. அவர்கள் பார்க்கும் மொபைல் கேமில் சுடப்பட்டவன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வருகிறான்; போன படத்தில் செத்த நடிகர் இந்தப் படத்தில் ஆடுகிறார். அந்த வயதில் ‘கொன்னுடுவேன்’ என்பதற்கு, பல நேரம், ‘எனக்கு ரொம்பக் கோபம்’ என்பதற்கு மேல் பொருள் கிடையாது.

இரண்டாவது, கோபம். அவன் கையில் இருந்த பொருள் போயிருக்கும், அல்லது வரிசையில் அவன் முறை தவறியிருக்கும். கோபத்துக்கு அவனிடம் சொந்தமாக வார்த்தை இல்லாததால், கேட்டதிலேயே பெரிய வார்த்தையை எடுத்துவிடுகிறான்.

மூன்றாவது, வெறும் எதிரொலி. சில பிள்ளைகள் கார்ட்டூன் அல்லது சினிமா வசனத்தை வரி பிசகாமல், அதே ராகத்தில், சூழலுக்குச் சம்பந்தமே இல்லாமல் சொல்வார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இதை அதிகம் பார்க்கலாம். அந்தப் பிள்ளைக்குப் பயமோ பசியோ வந்திருக்கலாம். வாயில் வருவதோ வில்லன் வசனம். அதற்குத் தண்டனை கொடுப்பது கொடுமை. பேச்சு, பார்வை, சேர்ந்து விளையாடுவது ஆகியவற்றிலும் தயக்கம் தெரிந்தால், பெற்றோரிடம் பக்குவமாகப் பேசிக் குழந்தை நல மருத்துவரிடமோ, மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கோ அனுப்புங்கள். வகுப்பாசிரியரே நோயின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது.

நான்காவது வகை அரிது. ஒரே பிள்ளையைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்வது, கையில் பொருளோடு சொல்வது, அடித்துக் காயப்படுத்துவது, தன்னையே மாய்த்துக்கொள்வதாகச் சொல்வது ஆகியவை இதில் வரும். அன்றைக்கே தலைமையாசிரியருக்கும் ஆலோசகருக்கும் போக வேண்டியவை இவைதான்.

இப்படிப் பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை என்று போன அமெரிக்கப் பள்ளிகள் நமக்கு நல்ல பாடம். 2000ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்தின் சேர்வில் நகரில், விரலைத் துப்பாக்கியாக நீட்டித் திருடன்-போலீஸ் ஆடிய கிண்டர்கார்ட்டன் பிள்ளைகள் மூன்று நாள் பள்ளிக்கு வரக் கூடாது என்று நிறுத்தப்பட்டார்கள். 2013இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுமி, சோப்பு நுரை ஊதும் பொம்மைத் துப்பாக்கியால் தோழியைச் சுடுவதாகச் சொன்னாள். அந்தப் பொம்மை அப்போது அவள் கையில்கூட இல்லை. பள்ளி அதை மிரட்டல் என்று பதிந்து பத்து நாள் நிறுத்திவைத்தது. பிறகு அது இரண்டு நாளாகக் குறைந்தது. இத்தகைய கண்மூடித் தண்டனையால் பள்ளிகள் பாதுகாப்பாக மாறவில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழுவே சொல்லிவிட்டது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டூயி கார்னெல் உருவாக்கிய முறை வேறு வழியில் போகிறது. அதில் முதல் வேலையே, போகிற போக்கில் சொன்ன பேச்சையும் உண்மையான மிரட்டலையும் பிரிப்பது. முன்னது பேசித் தீர்த்துவைப்பதோடு முடியும். பின்னதற்குத்தான் குழுவும் நடவடிக்கையும்.

நம் ஊரில் சட்டமும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 16ஆம் பிரிவு தொடக்கக் கல்வி முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்குவதைத் தடுக்கிறது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம் ஆறு வயதிலிருந்து பேசுகிறது என்பதற்காக, ஐந்து வயதுப் பிள்ளையை முட்டி போடவைக்கலாம் என்று ஆகிவிடாது.

4. எங்கிருந்து வந்தது?

பள்ளிகளின் சந்தேகம் முதலில் சினிமா மேல்தான் போகும். அதில் நியாயமும் உண்டு. ‘விக்ரம்’, ‘ஜெயிலர்’ இரண்டுமே யு/ஏ சான்றிதழோடு வந்தவை; ‘ஏ இல்லையே’ என்று குடும்பத்தோடு போனவர்கள் ஏராளம். 2024 முதல் யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் அது பெற்றோருக்கான அறிவுரைதான். ஏழு வயதுப் பிள்ளையோடு 16+ படத்துக்குப் போனால் தியேட்டரில் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

ஆனால் சினிமாவோடு நின்றுவிடாதீர்கள். பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கும் சீரியலில் ‘உன் குடும்பத்தையே அழிச்சிடுவேன்’ என்ற வசனம் வாரம் தவறாமல் வருகிறது. சாப்பிடும்போது ஓடும் செய்திச் சேனலில் ‘ஓட ஓட விரட்டி’ என்று சிசிடிவி காட்சியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்; அதை யாரும் வன்முறைக் காட்சி என்று கணக்கில் எடுப்பதே இல்லை. அண்ணன் ஆடும் ஃப்ரீ ஃபயர், தானாக அடுத்தடுத்து ஓடும் ஷார்ட்ஸ் எல்லாமும் பட்டியலில் சேரும்.

வீட்டையும் விட்டுவிட முடியாது. பிள்ளை சொல்வது எந்தப் படத்திலும் இல்லாத வசனமாக, யாரோ ஒருவரின் குரலிலேயே வந்தால், அது அம்மாவைப் பார்த்துச் சொல்லப்பட்டதாக இருக்கலாம். அந்தப் பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். அவனாகச் சொன்னதைக் கேட்டு, எழுதிவைத்து, ஆலோசகரிடம் கொண்டுபோங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்க வேண்டும்.

5. பெற்றோரிடம் பேசுவது

“உங்க பையன் என்ன பேசுறான் தெரியுமா?” என்று தொடங்கினால் அந்தத் தாய் தலைகுனிந்து நிற்பார், வீட்டுக்குப் போனதும் பிள்ளைக்கு முதுகில் நாலு விழும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: “அம்மா, தம்பி இன்னைக்கு ஒரு வசனம் சொன்னான். நாங்க வகுப்புலயே பேசிட்டோம், பயப்பட ஒண்ணுமில்ல. எங்க கேட்டிருப்பான்னு உங்களுக்குத் தோணுதா?”

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: “சாயங்காலம் நாலு மணியிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் யார்கிட்ட இருக்கான்?” ‘எவ்வளவு நேரம் போன் பார்ப்பான்’ என்று கேட்டால் ‘அரை மணி நேரம்தான் மிஸ்’ என்ற பதில்தான் வரும். யாரிடம் இருக்கிறான் என்று கேட்டால் உண்மையான வீடு தெரியும்: இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், தாத்தாவுக்கு முட்டி வலி, போன்தான் ஆயா.

இரண்டு முதல் ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். சரியான அளவுதான். ஆனால் அதை அச்சடித்துக் கையில் கொடுத்தால் பீரோவுக்குள் போய்விடும். ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: சாப்பாட்டு நேரத்தில் டி.வி.யும் போனும் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து எப்படிப் போகிறது என்று போனில் விசாரியுங்கள்.

“அடிச்சா அடங்கிடுவான் மிஸ்” என்று சொல்லும் அப்பாக்களுக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்லலாம். 1961இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரிப் பள்ளியில் ஆல்பர்ட் பண்டுரா 72 குழந்தைகளை வைத்து, ‘போபோ’ என்ற காற்றடைத்த பொம்மையைக் கொண்டு ஆய்வு செய்தார். பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்துக்கொண்டே சில வசனமும் பேசினார். பார்த்த குழந்தைகள் அடியோடு வசனத்தையும் எடுத்துக்கொண்டன. சில ஆண்டுகள் கழித்து இன்னொரு சோதனையில், அடித்தவர் தண்டனை வாங்குவதைப் படத்தில் பார்த்த குழந்தைகள் அதை அவ்வளவாகச் செய்யவில்லை. ஆனால் ‘பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு’ என்றதும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டின. தண்டனைக்குப் பயந்து வசனம் உள்ளே ஒளிந்திருந்தது, அவ்வளவுதான்.

6. மாற்று வார்த்தை கொடுங்கள்

‘சொல்லாதே’ என்றால் பிள்ளைக்கு வேறு எதைச் சொல்வது? “எனக்குக் கோபம்”, “அது என்னோடது”, “நிறுத்து, எனக்குப் பிடிக்கல” என்ற மூன்றையும் காலை வட்டத்தில் பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டி, தினம் இரண்டு நிமிடம் பழக்குங்கள். சண்டை விளையாட்டை முழுக்கத் தடை செய்ய வேண்டியதில்லை. செய்தாலும் நடக்காது, கழிவறைப் பக்கம் போய் ஆடுவார்கள். இரண்டு பேருக்கும் சம்மதம் வேண்டும், உடம்பில் படக் கூடாது, ‘போதும்’ என்றால் நிறுத்த வேண்டும் என்ற விதிகள் போதும். 2021இல் ‘ஸ்க்விட் கேம்’ தொடர் பரவியபோது பெல்ஜியத்தில் ஒரு பள்ளியில், அசையாமல் நிற்கும் பழைய விளையாட்டை ஆடி, தோற்றவனை அடிக்கத் தொடங்கினார்கள் பிள்ளைகள். பள்ளி எதிர்த்தது அந்த அடியை.

7. மற்ற பெற்றோர்

“நம்ம கிளாஸ்ல ஒரு பையன் கொலை மிரட்டல் விடுறானாம்” என்று வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் வருவதற்குள், கேட்ட பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியரே அழைத்துவிட வேண்டும். சொன்ன பிள்ளையின் பெயர் வேண்டாம். சுற்றறிக்கை அனுப்பினால் படத்தின் பெயரையோ வசனத்தையோ அதில் எழுதாதீர்கள். தெரியாதவர்களும் தேடிப் பார்ப்பார்கள்.

8. பள்ளி தன்னைப் பார்த்துக்கொள்வது

கடைசிப் படிதான் பள்ளிகளுக்குக் கசக்கும். ஆண்டு விழாவில் எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, கையில் பிளாஸ்டிக் துப்பாக்கி கொடுத்து, மாஸ் ஹீரோ பாட்டுக்கு ஆடவிடுகிறோம். மாறுவேடப் போட்டியில் வில்லன் வசனத்தை மழலையில் சொன்ன பிள்ளைக்கு முதல் பரிசு கொடுக்கிறோம். பிள்ளை அதே வசனத்தைத் திங்கட்கிழமை வகுப்பில் சொன்னால் டைரியில் எழுதுகிறோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மேடைக்கும் பெஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் எப்படித் தெரியும்? மேடையில் கைதட்டிய அதே பெரியவர்கள்தானே இங்கேயும் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களின் வாயும் இதில் சேர்த்தி. “வாயைத் தச்சிடுவேன்”, “தோலை உரிச்சிடுவேன்” என்பவை நம் வகுப்பறைகளில் சர்வசாதாரணம். இவற்றை நிறுத்தாத பள்ளிக்குப் பிள்ளையின் அப்பாவை அழைத்துக் கேள்வி கேட்கும் தகுதி இல்லை.

தலைமையாசிரியர்களே, அடுத்த ஆண்டு விழாவுக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் துப்பாக்கி, அரிவாள், ரத்தம் வரும் பாட்டுகளை முதலிலேயே அடித்துவிட்டு மீதியிலிருந்து எடுங்கள்.